பிஸ்கட்டுக்கும் சீனி வியாதி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிஸ்கட் தின்ன வேண்டுமென்றால் முதலில் காய்ச்சல் வந்தாக வேண்டும். சும்மா தலைவலி, வயிற்றுவலிக்கெல்லாம் கிடையாது. உடம்பு நெருப்பாய்க் கொதித்து, இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகாமல் படுத்து, தோட்டத்து ஆஸ்பத்திரியில் சிவப்புத் தண்ணீர் மருந்தும் வாங்கிக் குடித்த பிறகுதான் அப்பா லிந்துலைக் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கி வருவார். அதைத் தேத்தண்ணீரில் நனைத்து நனைத்துத் தருவார்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லாதவர்கள் பிஸ்கட் தின்பதென்பது, உடம்புக்கு ஒன்றும் இல்லாதவர்கள் மாத்திரை விழுங்குவது மாதிரி. அப்படி யாரும் செய்து நான் பார்த்ததில்லை. எனக்கோ காய்ச்சல் வருவதே அபூர்வம். ஒன்பது வயதில் எனக்கிருந்த ஒரே மனக்குறை அதுதான்.

அதனால் பெரியப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போன அந்த வருடம், இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். லயத்து வீட்டு வரிசையில் எங்களுக்கு அடுத்த காம்பராவில் குடியிருந்தார். அவருக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளைகள் இல்லாததால் நான் பாதி நாள் அங்கேதான் கிடப்பேன். தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடும் கவ்வாத்து வேலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பார்கள். ஆனால் தோட்டத்தில் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது கவ்வாத்துக் கத்தி இல்லை, சேலை. மாசி மாதக் காமன் கூத்தில் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அவர்தான் ரதி. நல்ல உயரம், அகலமான தோள், இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை. வருடத்தில் பதினொரு மாதம் அந்த மீசைக்கு எண்ணெய் போட்டு வளர்ப்பார். மாசி பிறந்ததும் ஒரே மழிப்பில் எடுத்துவிட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு இடுப்பை ஒடித்து நடந்தாரென்றால், கொழுந்து பறிக்கும் பெண்களே பொறாமைப்படுவார்கள். மன்மதன் வேஷத்துக்கு வருடத்துக்கொரு பையன் வருவான். ரதி மட்டும் மாறியதில்லை. "வருசத்துக்கு ஒரு புருசன் மாத்துற மவராசி" என்று பெரியம்மா அவரைக் கேலி செய்வார்.

அந்த வருடம் மார்கழியில் கவ்வாத்து மலையில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சியொன்று பெரியப்பாவின் வலது பாதத்தில் ஏறிவிட்டது. ஒரு வாரத்தில் ஆறிப்போக வேண்டிய புண். மஞ்சள் வைத்துக் கட்டினார், புகையிலை வைத்துக் கட்டினார், யாரோ சொன்னார்களென்று சாம்பலும் வைத்துப் பார்த்தார். மூன்று வாரமாகியும் புண் வாய் மூடவில்லை. கடைசியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி டாக்டர் ஐயாவிடம் வந்தார்.

உண்மையில் அவர் டாக்டர் இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கிறவர். யாழ்ப்பாணத்துக்காரர், சிரிக்காத மனிதர். ஆனாலும் எங்களுக்கு டாக்டர் ஐயாதான். அவர் புண்ணைப் பார்த்தார், பெரியப்பாவை மேலும் கீழும் பார்த்தார், அடிக்கடி தண்ணீர் தவிக்கிறதா என்று கேட்டார். பிறகு சிறுநீர் பிடித்து வரச் சொல்லி ஒரு சின்னப் போத்தலைக் கொடுத்து மறைவுக்கு அனுப்பினார். போத்தல் திரும்பி வந்ததும் அவர் செய்த காரியத்தை நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கண்ணாடிக் குழாயில் நீலத் தண்ணீர். நல்ல வானத்து நீலம். அதில் சொட்டுச் சொட்டாய் எண்ணி எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் பச்சையானது. பச்சை மஞ்சளானது. மஞ்சள் கொதித்துக் கொதித்துக் கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. பெரியப்பாவிடம் இப்படியொரு வித்தை இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

சீனி வியாதி என்றார் டாக்டர் ஐயா. உடம்பில் சீனி நிற்கிறவரை புண் ஆறாது. சோற்றைக் குறைக்க வேண்டும். சீனி, கருப்பட்டி, வற்றாளங்கிழங்கு, வாழைப்பழம் எதையும் தொடக்கூடாது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் போத்தலில் கொடுத்தனுப்ப வேண்டும். நிறம் நீலத்துப் பக்கம் இறங்கினால் நல்லது. இவ்வளவையும் பெரியப்பாவிடம் சொன்னவர், மறுநாள் பெரியம்மாவைத் தனியே கூப்பிட்டு இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். இப்படியே போனால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று. அது எனக்குத் தெரிய வந்தது கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகுதான். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் நிறங்கள் மட்டும்தான்.

பெரியப்பாவுக்கு வியாதி என்ற செய்தி பரவியதும் சனங்கள் பார்க்க வர ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போக மாட்டார்கள். கையில் பிஸ்கட் பாக்கெட் இருக்க வேண்டும். காய்ச்சலுக்கும் பிஸ்கட், பிரசவத்துக்கும் பிஸ்கட், மாடு முட்டினாலும் பிஸ்கட். ரதிக்கே வியாதி என்றால் சும்மா இருப்பார்களா? மேட்டு லயத்திலிருந்து வந்தார்கள், பணிய லயத்திலிருந்து வந்தார்கள், பழைய மன்மதன்கள் வரிசையாக வந்தார்கள். சாமி படத்துக்குக் கீழே இருந்த பலகையில் பாக்கெட்டுகள் அடுக்கடுக்காய் ஏறின. விபூதித் தட்டை வைக்க இடமில்லாமல் பெரியம்மா அதை ஜன்னலுக்கு மாற்றினார்.

பாக்கெட்டின் முன்பக்கத்தில் கொழுகொழுவென்று ஒரு வெள்ளைக்காரக் குழந்தை. அதன் தலைக்கு மேல் கொட்டை எழுத்தில் இங்கிலீஷ். என் வேலை தொடங்கியது அங்கேதான். அதிலிருந்த ஒரு சொல்லைப் பள்ளிக்கூடத்து மாஸ்டர் சுகாதாரப் பாடத்தின்போது கரும்பலகையில் எழுதிக் காட்டியிருந்தார். ஹெல்த். ஆரோக்கியம். வருகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் அதை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டி அர்த்தமும் சொன்னேன். அவர்கள் தாங்கள் சரியான சாமானைத்தான் வாங்கி வந்திருக்கிறோம் என்று மனம் குளிர்ந்து போனார்கள். பின்பக்கத்தில் எறும்பு ஊர்வது மாதிரிச் சின்ன எழுத்தில் என்னமோ இருந்தது. அதில் என்ன போட்டிருக்கிறது என்று பெரியப்பா ஒரு நாள் கேட்டார். தெரியாது என்று சொல்ல என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. பின்னால் முக்கியமாக ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

பெரியப்பா பத்தியத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். மூன்று வேளை சோறு தின்று பழகியவர் சோற்றுப் பானையின் பக்கமே திரும்பவில்லை. தேத்தண்ணீரில் சீனி இல்லை. அம்மா பொங்கலுக்குச் செய்த சர்க்கரைப் பொங்கலை வாசலிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பினார். பசித்த வேளையெல்லாம் பிஸ்கட்டைத் தேத்தண்ணீரில் நனைத்து மருந்து மாதிரிச் சாப்பிட்டார். டாக்டர் ஐயா தின்னக்கூடாதென்று சொன்ன பட்டியலில் பிஸ்கட் இல்லை. கவ்வாத்துக்காரன் வீட்டில் பிஸ்கட் அடுக்கியிருக்கும் என்று அவர் எதற்கு நினைக்கப் போகிறார்? பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் பெரியப்பா காலையில் இரண்டு, சாயந்திரம் இரண்டு கொடுப்பார். காய்ச்சல் இல்லாமலே பிஸ்கட் தின்ற ஒரே பிள்ளை அந்த லயத்தில் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் போத்தலைச் சுமந்துகொண்டு போவேன். முதல் ஞாயிறு செங்கல். இரண்டாவது ஞாயிறு செங்கல். மூன்றாவது ஞாயிறு அதைவிடக் கடும் செங்கல். நிறம் ஏற ஏறப் பார்க்க வருகிறவர்கள் கூடினார்கள். அவர்கள் கூடக் கூட நிறமும் ஏறியது. டாக்டர் ஐயாவுக்கு நெற்றி சுருங்கிப் போயிற்று. ஒழுங்காகப் பத்தியம் இருக்கிறாரா என்று கேட்டார். நான் சாமி சத்தியமாக இருக்கிறார் என்றேன். அப்படியானால் இந்த வருடம் ஆட்டமும் கூத்தும் கிடையாது என்று போய்ச் சொல்லச் சொன்னார்.

வந்து சொன்னேன். பெரியப்பா எப்போதும்போல் சிரிப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"நீலத்துக்கு வரலைன்னா ரதி கட்ட வேற ஆளப் பாக்க வேண்டியதுதான் பாப்பா" என்றார்.

பெரியம்மா அடுப்படிக்குள் எழுந்து போனார். புகை கண்ணைக் கரிக்கிறது என்று உள்ளிருந்து சத்தம் கொடுத்தார். அடுப்பு அப்போது எரியவே இல்லை. அதை நான் கவனித்தேன், ஆனால் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க எனக்கு நிம்மதி இல்லை. நீலம் வந்தால் வியாதி போய்விடும், வியாதி போனால் பிஸ்கட்டும் போய்விடும். செங்கல் நின்றால் பிஸ்கட் நிற்கும், ரதி போய்விடுவார். பணிய லயத்தில் ஒருவன் இப்போதே மீசையை எடுத்துவிட்டு இடுப்பை ஒடித்து நடந்து பார்க்கிறான் என்று பள்ளிக்கூடத்தில் பேசிக்கொண்டார்கள். அவனுக்குக் கொக்கு மாதிரிக் கால். அவன் ரதியாக வருவதை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது. கடைசியில் பிஸ்கட்டை விட்டுக் கொடுப்பதென்று முடிவு செய்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த முதல் தியாகம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போத்தலோடு புறப்பட்டேன். தேயிலைக்கு நடுவே இறங்கும் பாதையில், மழைத்தண்ணீர் ஓடும் கானருகே நின்றேன். முன்னும் பின்னும் பார்த்தேன். பெரியப்பாவுடையதைக் கானில் கொட்டினேன். போத்தலை இரண்டு தரம் கழுவினேன். செடி மறைவுக்குப் போய் என்னுடையதை நிரப்பிக்கொண்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.

டாக்டர் ஐயா எட்டுச் சொட்டு விட்டார். விளக்கில் காட்டினார். நீலம். குழாயை ஆட்டி மறுபடியும் காட்டினார். நீலம் நீலமாகவே கொதித்தது. வேறொரு குழாயை எடுத்து முதலிலிருந்து செய்தார். அதுவும் வானத்து நீலம். நான் சந்தோஷத்தை முகத்தில் காட்டாமலிருக்கப் படாதபாடு பட்டேன். அவர் குழாயைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என் காலிலிருந்து தலைவரை பார்த்தார். பாவாடையின் ஓரம் நனைந்திருந்தது. விளக்கையும் குழாய்களையும் மருந்தையும் ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

"வா பிள்ளை, வீட்டை போவம்" என்றார்.

டாக்டர் ஐயா லயத்துக்கு நடந்து வருவதென்றால் யாரோ சாகக் கிடக்கிறார்கள் என்று அர்த்தம். எங்களுக்குப் பின்னால் ஒவ்வொருவராகச் சேர்ந்து, வீட்டை அடையும்போது ஒரு ஊர்வலமே ஆகிவிட்டது. பெரியப்பா வாசலில் பலகைமேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கையில் தேத்தண்ணீர், மடியில் தட்டு, தட்டு நிறையப் பிஸ்கட். அவர் பதறி எழுந்திருக்கப் பார்த்தார். டாக்டர் ஐயா உட்காரச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். சாமி படத்துக்குக் கீழே இருந்த பிஸ்கட் அடுக்கை மேலிருந்து கீழாகப் பார்த்தார். அதற்குள் பெரியம்மா, வீடு தேடி வந்த பெரிய மனிதருக்கு மரியாதை செய்ய வேண்டுமல்லவா, ஆறு பிஸ்கட்டைத் தட்டில் வைத்து அவர்முன் நீட்டினார்.

ஒரு நாளைக்கு எத்தனை சாப்பிடுகிறீர் என்று டாக்டர் ஐயா கேட்டார்.

"காலையில பத்து, அந்திக்குப் பத்துங்க" என்றார் பெரியப்பா பெருமையாக. "சோத்தத் திரும்பிக்கூடப் பாக்குறதில்லைங்க ஐயா. ஒடம்புக்கு நல்லதுன்னு இங்கிலீசுலயே போட்டிருக்குன்னு பாப்பா படிச்சிச்சு."

டாக்டர் ஐயா ஒரு பாக்கெட்டை எடுத்தார். முன்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. நேராகத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அந்த எறும்பு எழுத்தைப் படித்தார். கோதுமை மா, சீனி, கொழுப்பு, பாகு, உப்பு. ஒவ்வொன்றையும் தமிழில் சத்தமாகச் சொன்னார். நான் பெரியம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"சீனி கிடக்கு, பாகு கிடக்கு. மாவும் உள்ளுக்கை போனால் சீனிதான்" என்றார்.

சனங்கள் நம்பவில்லை. காலங்காலமாகக் காய்ச்சல்காரருக்குக் கொடுக்கிற சாமான் எப்படிக் கெடுதலாகும் என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. டாக்டர் ஐயா பெட்டியைத் திறந்தார். இரண்டு பிஸ்கட்டை நொறுக்கி வெந்நீரில் கரைத்து, ஒரு துணியில் வடிகட்டினார். நீலத் தண்ணீரில் அதை எட்டுச் சொட்டு விட்டார். வாசலில் வைத்தே விளக்கை ஏற்றினார். முப்பது நாற்பது பேர் சுற்றி நின்றார்கள். நீலம் பச்சையானது, மஞ்சளானது, அப்புறம் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. பிறகு பெரியப்பாவை மறைவுக்கு அனுப்பிப் புதிதாக வாங்கி, இன்னொரு குழாயில் கொதிக்கவைத்தார். அதுவும் செங்கல். இரண்டு குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். அண்ணன் தம்பி மாதிரி ஒரே நிறம்.

பெரியப்பா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப பிஸ்கோத்துக்கும் சீனி வியாதிங்களா ஐயா?" என்று கேட்டார்.

முதலில் சிரித்தது டாக்டர் ஐயாதான். அந்த மனிதருக்கு அவ்வளவு பல் இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. பிறகு லயமே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. நீலக் குழாயைப் பற்றி எப்போது வாய் திறப்பாரோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பெட்டியைப் பூட்டினார், போகும்போது என் பக்கத்தில் நின்றார், மெதுவாக எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"இனி உன்ரை போத்தல் எனக்கு வேண்டாம் பிள்ளை. உனக்கு ஒரு நோயும் இல்லை."

அன்று சாயந்திரம் பெரியப்பா லயத்துப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு, பலகையில் இருந்த பாக்கெட் அத்தனையையும் பிரித்து இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் கொடுத்தார். ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை, எல்லார் கையிலும் பிஸ்கட். அப்படியொரு திருவிழா எங்கள் தோட்டத்தில் அதற்குப் பிறகு நடக்கவில்லை. எல்லாம் தீர்ந்ததும் பெரியப்பா உள்ளங்கையை ஒரு தரம் முகர்ந்து பார்த்துக்கொண்டு, கேழ்வரகில் சுட்ட குரக்கன் ரொட்டி சாப்பிட உள்ளே போனார்.

அதன்பிறகும் சனங்கள் பார்க்க வந்தார்கள். ஆனால் பாகற்காயோடு வந்தார்கள், வல்லாரையோடு வந்தார்கள், குரக்கன் மாவோடு வந்தார்கள். என்னைப் பொறுத்தவரை நோயாளி வீட்டுக்கு இருந்த மதிப்பே போய்விட்டது. ஆனாலும் ஞாயிறு தவறாமல் போத்தலைத் திறக்காமல் கொண்டு போனேன். செங்கல் நிறம் வெளுத்து ஆரஞ்சுப் பழ நிறமானது. அடுத்த ஞாயிறு மஞ்சள். அதற்கடுத்த ஞாயிறும் மஞ்சள். பெரியம்மா அன்று சாப்பிடவில்லை. பிறகொரு ஞாயிறு இளம்பச்சை. அதே வாரத்தில் புண்ணும் ஓரங்களில் உலர்ந்து தோல் மூட ஆரம்பித்தது. மாசியில் கூத்துக்குக் காமன் கம்பம் ஊன்றிய மறுநாள் டாக்டர் ஐயா குழாயை வெளிச்சத்தில் பிடித்து, பச்சையா நீலமா என்று என்னையே கேட்டார். நீலம் என்றேன். அவர் பச்சை என்றார். இரண்டுக்கும் நடுவே என்று சமாதானமானோம்.

ரதி ஆடலாம் என்று உத்தரவு கிடைத்தது. ஆனால் நிபந்தனையோடு. இரண்டு லயத்துக்கு மேல் ஆடக்கூடாது. வெறுங்காலோடு ஆடவே கூடாது. சப்பாத்துப் போட வேண்டும். பெரியப்பாவின் கால் அளவுக்குத் தோட்டத்தில் சப்பாத்து வைத்திருந்த ஒரே ஆள் எங்கள் மாஸ்டர். அவர் விளையாட்டுப் போட்டிக்குப் போடும் வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்தை இரவல் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்துப் பளிச்சென்று வெள்ளையாக்கியும் வைத்திருந்தார்.

கூத்தன்று பொழுது சாயும் முன்பே தப்புச் சத்தம் கேட்டது. மீசை எடுத்த முகம், சிவப்புச் சேலை, தலை நிறையக் காட்டுப்பூ, சேலைக்குக் கீழே வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து. முதல் வீட்டு வாசலில் ரதியைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கக் கால்மணி நேரம் பிடித்தது. மன்மதன் வேஷக்காரனே சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். பெரியப்பா அசரவில்லை. அவர் பாட்டை எடுத்ததும் சனங்களுக்குச் சப்பாத்து மறந்துபோனது. வீடு வீடாக ஆடிப் போனார். அத்தனை பேரும் ரதியின் முகத்தையே பார்த்தார்கள். பெரியம்மா மட்டும் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. கூடவே நடந்து வந்தவர், தலை குனிந்து வலது சப்பாத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். இரவல் சாமான், அழுக்காகிவிடுமோ என்ற கவலை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது லயத்தின் கடைசி வீட்டில் ஆடி முடித்துத் திரும்பியதும் ரதி எங்கள் வாசலில் உட்கார்ந்தார். பெரியம்மா அவர் காலடியில் உட்கார்ந்து வலது சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தார். புண்ணில் கட்டியிருந்த துணியைப் பிரித்தார். சப்பாத்துக்குள் கையை விட்டுத் துழாவினார். அதை வெளிச்சத்துக்குத் தூக்கி உள்ளும் புறமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செம்மண் தூசி கொஞ்சம் ஒட்டியிருந்ததே தவிர, ஒரு பொட்டுக் கறை இல்லை. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. பெரியம்மா அந்தச் சப்பாத்தை மார்போடு அணைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ரதி வளையல் போட்ட கையால் அவர் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டேன்.

"அழுவாதீங்க பெரியம்மா" என்றேன். "கேட்டா மாஸ்டர் அடுத்த வருசமும் குடுப்பாரு."